ஆஞ்சியோ, ஸ்டென்ட்: மேசையில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் என்ன நடக்கும்?

கொங்குத்தம்பி:
வணக்கம். நெருங்கிய சொந்தக்காரர் ஒருத்தருக்கு அடுத்த வாரம் ஆஞ்சியோ. வயசு 62, சுகர் இருக்கு, வேகமா நடந்தா நெஞ்சை அடைக்குது, டிரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ், அதாவது இதயத்துக்கு ரத்தம் போதலைங்கற மாதிரி வந்திருக்கு. "பிளாக் இருந்தா கையோட ஸ்டென்ட் வெச்சிருவோம்"னு ஃபார்ம்ல கையெழுத்துக் கேட்கறாங்க. உள்ளே என்னதான் பண்ணுவாங்க, எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் படுக்கணும், நாம என்னென்ன தயார் பண்ணணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "ஒண்ணும் ஆகாது, தைரியமாப் போங்க" மாதிரி பதில் வேண்டாங்க, அது நிறையக் கேட்டாச்சு.

வைகைக்கரை:
கேத் லேப்ல, அதாவது ஆஞ்சியோவும் ஸ்டென்டும் பண்ற அறையில, டெக்னீஷியனா எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஆஞ்சியோன்னா இதய ரத்தக்குழாயை எக்ஸ்-ரேல படம் எடுக்கறது, ஸ்டென்ட்னா அடைச்ச இடத்தைத் திறந்து வெக்கற சின்னக் கம்பி வலைக் குழாய். ஸ்டென்ட் வைக்கலாமா வேண்டாமாங்கிறதை டாக்டர்மார் யாராவது வந்து சொல்லட்டும்.

வலது மணிக்கட்டையும் ரெண்டு தொடை இடுக்கையும் ஷேவ் பண்ணுவாங்க. கையிலதானே பண்றீங்க, தொடை எதுக்குன்னு எல்லாரும் கேட்பாங்க. மணிக்கட்டு ரத்தக்குழாயோட அகலமே 2லேர்ந்து 3 மி.மீ. தான். சிலருக்கு ஒயர் பட்டதும் அது இறுக்கிப் பிடிச்சுக்கும். வேற சிலருக்கு முழங்கைகிட்டயோ தோள்பட்டைகிட்டயோ குழாய் சுருண்டு கிடக்கும். அப்போ இடது கைக்கோ தொடைக்கோ மாறணும். மேசையில படுக்க வெச்சுட்டு ஷேவிங் பண்ண நேரம் இருக்காது.

வெயின்ஃப்ளானை, அதாவது மருந்து ஏத்தறதுக்கு நரம்புல குத்தி வெக்கற ஊசிக்குழாயை, இடது கையில போடச் சொல்லுங்க. வார்டுல அவசரத்துல வலது மணிக்கட்டுப் பக்கமே குத்தி வெச்சுட்டா, இடம் வீங்கி நாங்க நாடியைத் தேட வேண்டியதாயிடும். மோதிரம், வளையல், அரைஞாண் கயிறு எல்லாம் கழட்டிடணும். நகப்பாலிஷ் இருந்தா விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கிளிப் சரியாக் காட்டாது. ஆனா காது மெஷினைக் கழட்டாதீங்க. "மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னு சொல்றது அவருக்குக் கேட்கணும்.

மயக்க மருந்து கிடையாது. பயந்தவங்களுக்கு லேசாத் தூக்கம் வர மிடசோலம் 1 மி.கி. மாதிரி கொடுப்பாங்க, அவ்வளவுதான். அறை நல்லா குளிரும். மேசை ஒடுக்கமா இருக்கும், புரண்டு படுக்க முடியாது. நெஞ்சுக்கு மேல எக்ஸ்-ரே தலை இடம் வலமாச் சுத்தி வரும், முகத்துக்குப் பக்கத்துலயும் வரும். இடிக்காது.

மணிக்கட்டுல மரத்துப்போற ஊசி, லிக்னோகெயின் 1 - 2 மி.லி. அந்த எரிச்சல்தான் பெரும்பாலானவங்களுக்கு மொத்தத்துல அதிகமான வலி. அடுத்து நாடியில ஊசி, அது வழியா மெல்லிசான ஒயர், ஒயர் மேல 5 அல்லது 6 ஃபிரெஞ்ச் ஷீத். 6 ஃபிரெஞ்ச்னா 2 மி.மீ. அளவுள்ள குழாய் உள்ளே போய் வர இடம். ஷீத் போட்டதும் ரத்தக்குழாய் இறுகாம இருக்க வெராபமில், நைட்ரோகிளிசரின் ரெண்டையும் சேர்த்து உள்ளே தள்ளுவோம். கை முழுக்க சுள்ளுனு எரியும், பத்துப் பதினஞ்சு வினாடியில அடங்கிடும். இதை முன்கூட்டியே சொல்லாம விட்டா நோயாளி கையை உதறுவாரு. உதறினா குழாய் இன்னும் இறுகும். ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் 5,000 யூனிட்டும் உண்டு.

கேத்தட்டர், அதாவது ஷீத் வழியா விடற நீளமான மெல்லிசான குழாய், தோளைத் தாண்டி இதயத்துகிட்ட இறங்கும்போதுதான் "நல்லா மூச்சை இழுங்க"ன்னு சொல்வோம். நெஞ்சு விரிஞ்சா அந்த வளைவு நிமிர்ந்து ஒயர் வழிக்கு வரும். அப்புறம் இடது பக்கம், வலது பக்கம்னு ஒவ்வொரு தடவையும் 4லேர்ந்து 8 மி.லி. டை, அதாவது எக்ஸ்-ரேல குழாயைத் தெரிய வெக்கற மருந்து, அடிச்சுப் படம். வெறும் ஆஞ்சியோவுக்கு மொத்தம் 30 - 60 மி.லி. டை போகும், நேரம் 15லேர்ந்து 30 நிமிஷம். ரத்தக்குழாய்க்கு உள்ளே கேத்தட்டர் நகர்றது தெரியவே தெரியாது. கை வலிச்சா அது குழாய் இறுகுறது. பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்காம உடனே சொல்லணும். கொஞ்சம் நைட்ரோகிளிசரின், கொஞ்சம் தூக்க மருந்து, ரெண்டு நிமிஷம் காத்திருப்பு, பெரும்பாலும் விட்டுடும்.

இதயத்துடிப்பு72:
நான் இதயநோய் மருத்துவர். "கையோடு வைத்துவிடுவோம்" என்பதைப் பற்றி முதலில் எழுதுகிறேன். இந்த இழையில் மிக முக்கியமான கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறது என்றால் யோசனைக்கே இடமில்லை. அடைத்த குழாயை உடனே திறக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்து 90 நிமிடத்துக்குள் என்பது பொதுவான இலக்கு. இங்கே கேட்டிருப்பவர் நிலை வேறு. நடந்தால் வருகிற, நின்றால் போகிற அடைப்பு வலி. இதில் அவசரம் கிடையாது. இப்படிப்பட்டவர்களில் ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், நல்ல மாத்திரையோடு தொடங்கியவர்களுக்கும் இடையே மரணத்திலோ மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் இல்லை என்று 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு காட்டியது. வலி குறைவதில் ஸ்டென்டுக்கு நிச்சயம் பலன் உண்டு. ஆக, எதற்காக வைக்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்: ஆயுளுக்கா, வலிக்கா?

உள்ளே போவதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: "எந்த மாதிரி ரிசல்ட் வந்தால் ஸ்டென்ட் வைக்காமல் வெளியே கொண்டுவந்து பேசுவீர்கள்?" இந்தக் கேள்விக்கு நேரான பதில் வர வேண்டும். இடது பிரதானக் குழாயில் அடைப்பு, மூன்று குழாயிலும் அடைப்பு, கூடவே சர்க்கரை நோய் என்றால், பைபாஸ் அறுவை மருத்துவரும் படத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பல குழாய்களில் அடைப்பு இருந்தால் ஸ்டென்டைவிட பைபாஸ் மேல் என்பது 2012-இல் ஃப்ரீடம் ஆய்விலேயே தெரிந்துவிட்டது.

ஒற்றைக் குழாயில் சிக்கலில்லாத அடைப்பு, வலி இருக்கிறது, மாத்திரை போதவில்லை என்றால் அதே மேசையில் முடிப்பது நல்லதுதான். இரண்டாவது முறை குத்து இல்லை, இரண்டாவது பில் இல்லை. ஆஞ்சியோவுக்கு மட்டும் கையெழுத்துப் போடவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக யாரும் உங்களைக் கோபிக்கக் கூடாது.

கொங்குத்தம்பி:
நன்றிங்க டாக்டர். ஆஞ்சியோ நடக்கறப்பவே வெளியே கூப்பிட்டு ஸ்கிரீன்ல காட்டி "90 பர்சென்ட், 100 பர்சென்ட்"னு சொல்வாங்களாமே? அப்போ எதை வெச்சு முடிவு பண்றது?

இதயத்துடிப்பு72:
அந்தச் சதவீதம் பெரும்பாலும் கண்ணளவு. 90 என்றால் கண்டிப்பாகப் பெரிய அடைப்புதான். சிக்கல் 50க்கும் 70க்கும் இடையில். அங்கே இரண்டு மருத்துவர்கள் இரண்டு எண் சொல்வார்கள். அதற்குத்தான் அழுத்தம் அளக்கும் ஒயர் இருக்கிறது, எஃப்.எஃப்.ஆர். என்பார்கள். அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை ஒப்பிட்டு ஓர் எண் வரும். 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால் அந்த அடைப்பு உண்மையிலேயே ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. 0.80-க்கு மேல் என்றால் பொதுவாக மாத்திரையே போதும். இடைப்பட்ட அடைப்புக்கு ஸ்டென்ட் என்று சொன்னால், "ஒயர் வைத்து அளந்தீர்களா?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

"100 பர்சென்ட்" என்ற சொல் குடும்பத்தைக் கதிகலங்கச் செய்துவிடுகிறது. திடீரென 100 ஆனால் அது மாரடைப்பு. பல மாதங்களாக மெல்ல மூடி 100 ஆன குழாய்க்குப் பக்கத்துக் குழாய்கள் கிளைவிட்டு ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை இன்றே திறக்க வேண்டியதில்லை. திறப்பதும் எளிதல்ல. நேரம், டை, கதிர்வீச்சு எல்லாமே கூடும். திட்டமிட்டு வேறொரு நாளில் செய்ய வேண்டிய வேலை அது.

வைகைக்கரை:
டாக்டர் சொன்னது சரி. ஸ்டென்ட்னு முடிவாயிட்டா அடுத்து என்ன நடக்கும்னும் சொல்லிடறேன்.

கேத்தட்டரை மாத்தி கொஞ்சம் விறைப்பான கைட் கேத்தட்டர் போடுவாங்க. ஹெப்பாரின் எடைக்குத் தகுந்த மாதிரி, கிலோவுக்கு 70லேர்ந்து 100 யூனிட். ரத்தம் உறையற நேரத்தை, அதாவது ஏ.சி.டி.யை, மெஷின்ல பார்ப்போம். பொதுவா 250லேர்ந்து 300 வினாடிக்குள்ள இருக்கணும். அப்புறம் 0.014 அங்குல ஒயர். அது அடைப்பைத் தாண்டிப் போய் நின்னதும் பாதி வேலை முடிஞ்ச மாதிரி, மத்ததெல்லாம் அந்த ஒயர் மேலதான் வழுக்கிட்டுப் போகும்.

முதல்ல சின்ன பலூன், 2 அல்லது 2.5 மி.மீ. இன்டிஃப்ளேட்டர்னு ஒரு கைப்பம்ப், டை கலந்த திரவத்தை உள்ளே தள்ளி பலூனை விரிக்கும். ஒரு கார் டயர்ல இருக்கிற காத்தழுத்தம் 2 அட்மாஸ்ஃபியர் சொச்சம்தான். இங்க ஸ்டென்டை விரிக்க 10லேர்ந்து 14, கடைசியா அழுத்தி ஒட்ட வைக்கற பலூனுக்கு 16 - 20. அதனாலதான் பலூன்ல காத்து அடிக்கறதில்ல. பலூன் உடைஞ்சா காத்து இதயத்துக்குள்ள போயிடும்.

பலூன் விரிஞ்சிருக்கிற 10 - 30 வினாடி அந்தக் குழாய்ல ரத்தம் ஓடாது. நெஞ்சு வலி வரும், நடக்கும்போது வந்த அதே வலி. பலூனை இறக்கினதும் குறையணும். குறையலேன்னா உடனே வாயைத் திறந்து சொல்லணும். ஓரமாப் பிரியற சின்னக் கிளை அடைச்சிருக்கலாம், குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கலாம், டாக்டர் அதைத்தான் தேடுவாரு.

ஸ்டென்ட் இப்போ பெரும்பாலும் கோபால்ட் குரோமியம், கம்பி 0.06லேர்ந்து 0.08 மி.மீ. கனம். மேல சிரோலிமஸ், எவரோலிமஸ், சோட்டரோலிமஸ் இதுல ஏதாவது ஒரு மருந்து பூசியிருக்கும். தழும்புச் சதை வளர்ந்து மறுபடி அடைக்காம இருக்கத்தான் அந்த மருந்து. அகலம் 2.25லேர்ந்து 4 மி.மீ., நீளம் 8லேர்ந்து 48 மி.மீ. வரைக்கும் கிடைக்குது. அளவு தப்பினா ரெண்டு பக்கமும் தொல்லை: சின்னதாப் போட்டா சுவரோட ஒட்டாம நின்னு ரத்தம் உறையும், பெருசாப் போட்டா குழாய் கிழியும். குழாய்க்குள்ளயே கேமரா மாதிரி விட்டுப் பார்க்கற ஐவஸ், ஓ.சி.டி. இருக்கிற இடமா இருந்தா, இடது பிரதானக் குழாய், நீளமான அடைப்பு, ரெண்டாப் பிரியற இடம் இதுக்கெல்லாம் அதைப் போடச் சொல்லிக் கேளுங்க. செலவு கூடும், ஆனா பணத்துக்குத் தகுந்த பலன் உண்டு.

சுண்ணாம்பு, அதாவது கால்சியம், ஏறி இறுகின குழாய்னா தனிக் கதை. சுகர் ரொம்ப வருஷமா இருக்கிறவங்க, டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு அதிகம். சாதா பலூன் அங்க விரியாது. விரியாத இடத்துல ஸ்டென்டை வெச்சா அது பாதி விரிஞ்சபடி நிரந்தரமா நின்னுடும், அதைவிட மோசமான நிலைமை இல்லை. அதனால முதல்ல வைரத்தூள் பதிச்ச குட்டி முனையை நிமிஷத்துக்கு 1,40,000 சுத்துக்கு மேல ஓட்டிச் சுரண்டுவாங்க, இல்லேன்னா அதிர்வலை பலூன் போட்டு சுண்ணாம்பை நொறுக்குவாங்க.

நேரம்? சாதாரண ஸ்டென்ட் 30 - 60 நிமிஷம். டை 100லேர்ந்து 200 மி.லி. வரைக்கும் போகும்.

மாத்திரைப்பட்டை:
டைன்னு வந்துட்டதால கிட்னி விஷயத்தைச் சொல்லிடறேன். மருந்தாளுநர் நான்.

ரத்தத்துல பார்க்கற கிரியேட்டினின் நம்பரை மட்டும் பார்க்காதீங்க, அதுல இருந்து கணக்குப் போடற இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கற நம்பர், எவ்வளவுன்னு கேளுங்க. ஒல்லியான வயசானவங்களுக்கு கிரியேட்டினின் 1.3ன்னு சாதுவாத் தெரியும், இ.ஜி.எஃப்.ஆர். பார்த்தா சிலருக்கு 45 கூட இருக்காது. அந்த நம்பரை மூணால பெருக்கினா வர்ற மி.லி.க்குள்ள டையை நிறுத்தப் பார்ப்பாங்க. 40 இருந்தா 120 மி.லி. அதுக்குள்ள முடியாதுன்னா ஆஞ்சியோ ஒரு நாள், ஸ்டென்ட் இன்னொரு நாள்னு பிரிக்கறது நல்லது. கிட்னி வீக்கா இருக்கிறவங்களுக்கு முன்னும் பின்னும் சலைன் ஏத்துவாங்க, கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி. இதயம் பம்ப் பண்றது குறைஞ்சவங்களுக்கு அதுல பாதி. மூணாவது நாள் கிரியேட்டினின் திரும்பப் பார்க்கணும். டிஸ்சார்ஜ் ஆன சந்தோஷத்துல இதை நிறையப் பேர் மறந்துடறாங்க.

இனி சுகர் மாத்திரைகள். மெட்ஃபார்மின்: நம்ம ஊர்ல பெரும்பாலான இடங்கள்ல அன்னிக்குக் காலையில நிறுத்தி, 48 மணி நேரம் கழிச்சு கிட்னி சரியா இருக்குன்னு பார்த்துட்டு ஆரம்பிப்பாங்க. கிளிமிப்ரைட்: சாப்பிடாம இருக்கிற அன்னிக்குக் காலை போடக்கூடாது. போட்டா சுகர் இறங்கி மேசையிலயே வேர்த்துக் கொட்டும். அதை ஹார்ட் பிரச்சனைன்னு நினைச்சு எல்லாரும் ஓடுவாங்க. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுத்தா அதை மறக்காமச் சொல்லணும், சாப்பாடு இல்லாத நேரத்துல அதுல ரத்தத்துல கீட்டோன்ங்கற அமிலம் ஏறலாம். எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு டாக்டர் சொல்வாரு. அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி ரத்தத்தை இளக்குற மாத்திரை இருந்தா அதையும் முதல் நாளே சொல்லிடுங்க. ஆஸ்பிரினும் பி.பி. மாத்திரையும் பொதுவா வழக்கம்போல, ஒரு வாய் தண்ணியோட.

இறால், நண்டு அலர்ஜி இருந்தா டை போடக்கூடாதுன்னு ஒரு பேச்சு சுத்திட்டே இருக்கு. சம்பந்தமே இல்லை. ஏற்கெனவே சி.டி. ஸ்கேன் டைக்கே உடம்பு தடிச்சிருந்தா, மூச்சு இழுத்திருந்தா, அதுதான் விஷயம். அப்படி இருந்தா முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுப்பாங்க. திட்டமிட்ட கேஸ்ல ப்ரெட்னிசோலோன் 50 மி.கி. 13, 7, 1 மணி நேரம் முன்னாடி.

கொங்குத்தம்பி:
எத்தனை மணி நேரம் பட்டினி இருக்கணும் மேடம்? ராத்திரி 10லேர்ந்து தண்ணி கூடக் கூடாதுன்னு ஒருத்தர் சொல்றாரு.

சிசியு_சிஸ்டர்:
அது ரொம்ப அதிகம் தம்பி. பெரும்பாலான ஆஸ்பத்திரிகள்ல திட உணவு 4லேர்ந்து 6 மணி நேரம், தண்ணி 2 மணி நேரம். அவ்வளவு கூடத் தேவையில்லைன்னு இப்போ சில இடங்கள்ல தளர்த்தியிருக்காங்க. உங்க ஆஸ்பத்திரி சொல்ற நேரத்தைப் பிடிச்சுக்கோங்க. ஆனா ராத்திரி முழுக்கத் தண்ணி இல்லாம வர்றவங்களுக்கு நாடியும் சரியாக் கிடைக்காது, கிட்னிக்கும் ஆகாது. சுகர்காரர்னு சொல்லி காலையில முதல் கேஸாப் போடச் சொல்லுங்க.

முடிஞ்சு வெளியே வந்த பிறகு என்னன்னு நான் சொல்றேன்.

கையில பண்ணியிருந்தா ஷீத்தை மேசையிலயே எடுத்துட்டு, மணிக்கட்டுல தெளிவான பிளாஸ்டிக் பட்டை மாட்டுவாங்க. உள்ளே காத்துப்பை, 13 - 15 மி.லி. காத்து. அதுக்குன்னே தனி சிரிஞ்ச் உண்டு, அதை நோயாளி கூடவே அனுப்புவாங்க. தூக்கிப் போட்டுடாதீங்க, அது இல்லாம காத்தை எடுக்க முடியாது. பட்டை இல்லாத இடத்துல பஞ்சு உருண்டை வெச்சு இறுக்கி பிளாஸ்டர் போடுவாங்க, அதுவும் வேலை செய்யும்.

நாங்க பார்க்கறது ரெண்டு விஷயம். ரத்தம் கசியக் கூடாது. அதே நேரம் நாடி முழுசா நின்னும் போகக் கூடாது. ரொம்ப இறுக்கி மணிக்கணக்கா விட்டா உள்ளே ரத்தம் உறைஞ்சு அந்தக் குழாயே மூடிக்கும். இன்னொரு குழாய் கையைக் காப்பாத்தும், விரலுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அடுத்த தடவை ஆஞ்சியோவுக்கோ பைபாஸுக்கோ அது பயன்படாது. அதனால ஆஞ்சியோன்னா ஒரு மணி நேரம், ஸ்டென்ட்னா ரெண்டு மணி நேரம் கழிச்சு, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 - 3 மி.லி.ன்னு காத்தை எடுப்போம். கசிஞ்சா 2 மி.லி. திருப்பி ஏத்தி அரை மணி காத்திருப்போம். விரல் லேசா மரத்து, கொஞ்சம் நீலம் பாரிச்ச மாதிரி இருக்கும், பட்டையைத் தளர்த்தினா சரியாகும். முழங்கை வரைக்கும் கை கல்லு மாதிரி இறுகினா, விரலை நீட்டினாலே உயிர் போற மாதிரி வலிச்சா, அது வேற. உள்ளே ரத்தம் கசியுது, உடனே பெல் அடிங்க. கூட இருக்கிறவங்க "டாக்டர் காலையில வருவாரு"ன்னு உட்கார்ந்திருக்கக் கூடாது.

தொடையில பண்ணியிருந்தா சிரமம் கொஞ்சம் அதிகம். ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு ஹெப்பாரின் வேகம் குறையற வரைக்கும் ஷீத் அங்கேயே இருக்கும். எடுத்ததும் 15 - 20 நிமிஷம் கையால அழுத்துவோம். அப்போ சில பேருக்கு நாடித்துடிப்பு சட்டுனு இறங்கி வாந்தி, வேர்வை, கண்ணு இருட்டறது வரும். அட்ரோபின் ஊசி, காலைத் தூக்கி வெச்சு சலைன், சரியாயிடும். அப்புறம் 4லேர்ந்து 6 மணி நேரம் காலை மடக்காம மல்லாந்து படுக்கணும், சிறுநீர் படுத்தபடியே. தும்மினா இருமினா அந்த இடத்தைக் கையால அழுத்திக்கணும். வயித்தோட பின்பக்கம், இடுப்பு மேல புதுசா வலி வந்து பி.பி. இறங்கினா, வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாட்டியும் உள்ளே ரத்தம் சேருதான்னு பார்க்கணும். கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டு "சுத்தமா இருக்கே"ன்னு விட்டுடறதுதான் அங்க நடக்கற தப்பு.

வெறும் ஆஞ்சியோன்னா அன்னிக்கே வீடு. ஸ்டென்ட்னா பொதுவா மறுநாள். மாரடைப்போட வந்தவங்களுக்கு மூணு நாள் சுமார்.

வீட்டுல: ரெண்டு மூணு நாள் அந்தக் கையால 2 கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. தண்ணிக் குடம், பைக் கிக்கர், துணி முறுக்கிப் பிழியறது எதுவும் வேண்டாம். மறுநாள் குளிக்கலாம், ஆனா கையைத் தண்ணியில ஊற வைக்கக் கூடாது. ஆத்துக் குளியல், கிணத்துக் குளியல் ஒரு வாரம் கழிச்சுப் பார்த்துக்கலாம். திடீர்னு ரத்தம் வந்தா கட்டை விரலால அதே இடத்துல 15 நிமிஷம் விடாம அழுத்தணும். நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நிக்கலேன்னா அழுத்தின கையோட 108.

பில்லுக்கடை:
இன்சூரன்ஸ் டெஸ்க் பக்கம் இருந்து ரெண்டு வார்த்தை.

ஸ்டென்டுக்கு மத்திய அரசு உச்சவிலை வெச்சது 2017 பிப்ரவரியில. மருந்து பூசின ஸ்டென்டுக்கு அப்போ 29,600 ரூபாய், மருந்து பூசாததுக்கு 7,260. அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் மாறி 2025-ல மருந்து பூசினது 38,933 ரூபாய், வரி தனி. எந்த பிராண்டா இருந்தாலும் வரம்பு அதுதான். "இம்போர்ட்டட், ஒரு லட்சம்"னு யாராவது சொன்னா எழுத்துல கேளுங்க. ஆனா ஏமாந்துடாதீங்க, அந்த வரம்பு ஸ்டென்டுக்கு மட்டும்தான். பலூன், கைட் கேத்தட்டர், ஒயர், ஐவஸ், கேத் லேப் வாடகை, டாக்டர் ஃபீஸ் எதுக்கும் அது பொருந்தாது. ஸ்டென்ட் விலை குறைஞ்சும் மொத்த பேக்கேஜ் ஏன் குறையலேன்னு கேட்கறவங்களுக்குப் பதில் இதுலதான் இருக்கு. பில்லுல ஸ்டென்ட் பேர், கம்பெனி, விலை தனி வரியா இருக்கணும். பாக்கெட் மேல இருக்கிற ஸ்டிக்கர் ஒண்ணு கேஸ் ஷீட்டுல, ஒண்ணு உங்க கையில.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000. திட்டமிட்ட கேஸ்னா முன் அனுமதி வாங்கணும், அதுக்கு ஆஞ்சியோ படம் போகணும். அதனால காப்பீட்டு அட்டையில வர்றவங்களுக்கு ஆஞ்சியோ ஒரு நாள், ஸ்டென்ட் அனுமதி வந்த பிறகுன்னு ஆகலாம். டாக்டர் சார் சொன்ன மாதிரி யோசிக்க நேரம் கிடைக்குது, அதுவும் நல்லதுக்குத்தான்.

தனியார் பாலிசின்னா அறை வாடகை வரம்பைப் பாருங்க. வரம்பு தாண்டின ரூம் எடுத்தா பல பாலிசிகள்ல வாடகை மட்டும் இல்ல, டாக்டர் ஃபீஸ் உட்பட மத்ததையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க. ஒரு ராத்திரி டீலக்ஸ் ரூமுக்கு அம்பதாயிரம் கையை விட்டுப் போகும்.

ஆஞ்சியோ படம் பதிவான சி.டி. டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்க. ரிப்போர்ட் பேப்பரை வெச்சு இன்னொரு டாக்டர் கருத்துச் சொல்ல முடியாது, படம் ஓடணும்.

கொங்குத்தம்பி:
ஆபத்துன்னு பார்த்தா எவ்வளவுங்க? ஃபார்ம்ல மரணம், பக்கவாதம், அவசர ஆபரேஷன்னு எல்லாமே போட்டிருக்கே.

இதயத்துடிப்பு72:
ஃபார்மில் எல்லாம் இருக்கத்தான் வேண்டும். வெறும் ஆஞ்சியோவில் மரணம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழ், பக்கவாதமும் ஏறக்குறைய அந்த அளவே. திட்டமிட்டு வைக்கும் ஸ்டென்டில் உடனடி பைபாஸுக்குப் போக வேண்டிய நிலை இப்போது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மாரடைப்போடு, ரத்த அழுத்தம் விழுந்து வருபவருக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, அங்கே ஆபத்து பல மடங்கு.

அரிதாக நடப்பதில் நாங்கள் அஞ்சுவது குழாயில் ஓட்டை விழுவது. ரத்தம் இதயத்தைச் சுற்றியுள்ள பையில் தேங்கி இதயத்தையே நெருக்கும். பலூனை அதே இடத்தில் விரித்து ஓட்டையை அடைத்து, தேவைப்பட்டால் மெல்லிய உறை போர்த்திய ஸ்டென்ட் வைத்து, நெஞ்சுக்குக் கீழே ஊசி விட்டு ரத்தத்தை வெளியே எடுப்போம். ஆகவே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: இந்த இடத்தில் இதய அறுவை வசதி இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்? சுண்ணாம்பு ஏறிய குழாய்க்கும் இடது பிரதானக் குழாய்க்கும் இந்தக் கேள்வி கட்டாயம்.

மணிக்கட்டு வழியைக் கேட்டு வாங்குவதும் ஆபத்தைக் குறைக்கும் வழிதான். 1989-இல் மான்ட்ரியலில் காம்போ அந்த வழியாக ஆஞ்சியோ செய்யலாம் என்று காட்டினார், 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் கீமெனைய் ஸ்டென்டும் வைத்தார். தொடையைவிட ரத்தக்கசிவு தெளிவாகக் குறைவு. இன்றும் காரணமே சொல்லாமல் தொடைக்குப் போகும் இடங்கள் உண்டு. காரணத்தைக் கேளுங்கள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் (ஃபிஸ்டுலா) கை போன்றவை உண்மையான காரணங்கள்.

மாத்திரைப்பட்டை:
ஸ்டென்ட் வெச்ச பிறகு மாத்திரைதான் வாழ்க்கை. ஸ்டென்டுக்குள்ள ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் 75 தொடர்ந்து. கூடவே இன்னொண்ணு: கிளோபிடோக்ரல் 75 ஒரு வேளை, அல்லது டிகாக்ரெலார் 90 ரெண்டு வேளை, அல்லது பிராசுக்ரெல் 10. திட்டமிட்ட ஸ்டென்டுக்குப் பொதுவா கிளோபிடோக்ரல், 6 மாசம். மாரடைப்புக்குப் பிறகுன்னா 12 மாசம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவங்களுக்கு டாக்டர் குறைப்பாரு, நீங்களாக் குறைக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவங்களுக்கு பிராசுக்ரெல் கொடுக்கக் கூடாது.

ஸ்டென்டுக்குள்ள ரத்தம் உறையறது பெரும்பாலும் முதல் மாசத்துல, அதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு மாத்திரையை விட்டுட்டது. "வயிறு எரியுது"ன்னு நிறுத்துவாங்க. எரிஞ்சா பான்டோபிரசோல் சேர்த்துக்கலாம். ஒமிப்ரசோல் வேண்டாம், கிளோபிடோக்ரல் வேலையைக் குறைக்கும். டிகாக்ரெலார் ஆரம்பிச்ச புதுசுல சிலருக்கு மூச்சு வாங்கற மாதிரி இருக்கும். பயந்து நிறுத்தாம டாக்டர்கிட்ட சொன்னா மாத்திக் கொடுப்பாரு. ஒரு வேளை மறந்தா அடுத்த வேளைக்கு ரெண்டாப் போடக் கூடாது.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் கடையில வாங்கிப் போடாதீங்க. பாராசிட்டமால் போதும். மலம் கரியாட்டம் கறுப்பாப் போனா அன்னிக்கே போகணும், ஆனா இரும்புச்சத்து மாத்திரை எடுத்தாலும் கறுக்கும், அதையும் சொல்லுங்க.

நெஞ்சு வலிக்கு சார்பிட்ரேட் நாக்குக்கு அடியில வெக்கறப்ப உட்கார்ந்துக்கணும், நின்னுட்டு வெச்சா தலை சுத்தி விழுவாங்க. சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள, டடாலாஃபில்னா 48 மணி நேரத்துக்குள்ள சார்பிட்ரேட் கூடவே கூடாது. கூச்சப்பட்டு இதை யாரும் சொல்றதில்லை, அதனால நானே சொல்லிடறேன்.

அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80 எழுதுவாங்க. "கொலஸ்ட்ரால் நார்மலாத்தானே இருக்கு"ன்னு விடாதீங்க. ஸ்டென்ட் வெச்சவருக்கு எல்.டி.எல்.ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் 70க்குக் கீழ வரணும், முடிஞ்சா 55க்கும் கீழ. ஸ்டென்ட் அந்த ஒரு இடத்தைத்தான் திறக்குது, மத்த இடங்களைப் பார்த்துக்கறது இந்த மாத்திரைதான்.

வைகைக்கரை:
நாள் வர்றதுக்குள்ள வலி மாறினா தேதிக்காகக் காத்திருக்காதீங்க. உட்கார்ந்திருக்கும்போதே வலி, 15 - 20 நிமிஷம் தாண்டியும் போகலை, வேர்த்துக் கொட்டுதுன்னா 108. தமிழ்நாட்டுல 2023லேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயே இதயம் காப்போம் திட்டத்துல ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்த்து முதல் டோஸ் 14 மாத்திரை கொடுத்துதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க.

கொங்குத்தம்பி:
கடைசியா ரெண்டே கேள்விங்க. அவருக்கு ஒரு கடைவாய்ப்பல் பிடுங்கணும், தோள்பட்டைக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருக்காங்க. ஸ்டென்ட் வெச்சா ரெண்டும் தள்ளிப் போடணுமா?

மாத்திரைப்பட்டை:
அவசரமில்லாத பல்லுன்னா ஆஞ்சியோவுக்கு முன்னாடியே, டாக்டர்கிட்ட சொல்லிட்டு முடிச்சுடுங்க. ஸ்டென்டுக்கு அப்புறம்னா ரெண்டு மாத்திரையையும் நிறுத்தாமலே ஒரு பல்லைப் பிடுங்கலாம். பல் டாக்டர் தையல் போட்டு, டிரானெக்சாமிக் ஆசிட் நனைச்ச பஞ்சைக் கடிக்கச் சொல்வாரு. "அஞ்சு நாள் கிளோபிடோக்ரலை நிறுத்திட்டு வாங்க"ன்னு சொன்னா, ஹார்ட் டாக்டர்கிட்ட கேட்காம நிறுத்தாதீங்க.

இதயத்துடிப்பு72:
எம்.ஆர்.ஐ. தடையில்லை. இப்போது வரும் ஸ்டென்ட்களுக்கு, வைத்த அன்றேகூட எடுக்கலாம். ஸ்டென்ட் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், மெஷினின் காந்த சக்தி எத்தனை டெஸ்லா என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.